மேல் குன்னூருக்கு வந்த போர்க்கப்பல் பலகைகள்

1

காலை பத்து மணி நாற்பது நிமிடம், செவ்வாய்க்கிழமை. குன்னூர் தாலுகா அலுவலக வராந்தாவில் அப்பாவின் வாரிசுச் சான்றிதழுக்காக உட்கார்ந்திருந்தேன். எனக்கு முன்னால் இன்னும் ஏழு பேர் இருந்தார்கள். கைப்பேசி அதிர்ந்தது. மகள் ரூத் ஒரு படம் அனுப்பியிருந்தாள்.

அண்ணன் வீட்டு மாடி அறையில் முழங்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். கையில் ரம்பம். தலைமுடியிலும் புருவத்திலும் வெள்ளையாகத் தூள். கீழே ஆங்கில எழுத்தில், ஆனால் தமிழில், "நானே ஷெல்ஃப் பண்றேன்" என்று எழுதியிருந்தாள். அப்போது பதினாறு வயதான என் மகள் எனக்குத் தமிழில் அனுப்பிய முதல் செய்தி அது. அதனால் முதலில் சந்தோஷப்பட்டேன். அந்தச் சில விநாடிகளை இன்றுவரை நினைத்துக்கொள்கிறேன்.

பிறகுதான் பலகையைப் பார்த்தேன். ஒரு பக்கம் சாம்பல் பெயின்ட். அதில் அச்சுத்தகடு வைத்து அடித்த எழுத்தும் எண்ணும் பாதியாக வெட்டுப்பட்டிருந்தன. அறுத்த விளிம்பு மரம்போல இல்லை. காய்ந்த கூழை அழுத்தி வைத்ததுபோல, பழுப்பும் சாம்பலுமாக, நுனியில் மயிர் மயிராக இருந்தது. அந்த விளிம்பை எனக்குத் தெரியும். பதினொரு வருடமாக அதைத் தேடிக் கண்டுபிடிப்பதுதான் என் வேலை.

உடனே அழைத்தேன். ரம்பத்தைக் கீழே வை, தலையை உதறாதே, எதையும் பெருக்காதே, மெதுவாக வெளியே வந்து கதவைச் சாத்து, குளியலறைக்குப் போய் உடுத்த துணியோடு தலையில் தண்ணீர் ஊற்றிக்கொள் என்றேன். அவள் சிரித்தாள். அம்மாவின் வழக்கமான பயம் என்று நினைத்திருப்பாள். அதையே, வேலையிடத்தில் ஆட்களிடம் சொல்கிற ஆங்கிலத்தில், அந்தக் குரலில் திரும்பச் சொன்னேன். சிரிப்பு நின்றது.

டோக்கனைப் பின்னால் இருந்தவரிடம் கொடுத்துவிட்டு ஓடினேன். இது நடந்து இன்றோடு ஒரு வருடம். சான்றிதழ் இன்னும் வரவில்லை. அதைப் பற்றி எழுத நான் உட்காரவில்லை.

2

நான் இருப்பது இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையில் ஒரு சின்னத் துறைமுக ஊர். அங்கே பழைய கப்பல்களைப் பிரிக்கும் தளம் ஒன்றில் வேலை. பெரும்பாலும் போர்க்கப்பல்கள் வரும். ஊரில் யாராவது கேட்டால் "கப்பல் கம்பெனி" என்று சொல்லி நிறுத்திக்கொள்வேன்.

வணிகக் கப்பலைவிடப் போர்க்கப்பலைப் பிரிப்பது கடினம். குண்டு விழுந்தாலும் தீ பரவக்கூடாது என்று கட்டப்பட்டது அது. ஆகவே பழைய கப்பல்களில் கொதிகலன், குழாய், தடுப்புச்சுவர், கூரை எல்லாவற்றிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். அதன் தூள் மூச்சில் போனால் நுரையீரலில் தங்கி, பல வருடம் கழித்துப் புற்றுநோயாக வரலாம். பெயின்டில் ஈயம், கேபிள்களில் நச்சு எண்ணெய், இருட்டில் ஒளிரும் கடிகார முகப்பில் ரேடியம். எது எங்கே என்று பார்க்க வரைபடம் கேட்டால் கடற்படை அனுப்பும். அதில் ரகசியம் என்று நினைத்த இடமெல்லாம் கறுப்பு மை பூசியிருக்கும். கப்பலே இரும்பாகப் போகிறது, ரகசியம் மட்டும் சாகவில்லை. ஆகவே நான் டார்ச்சோடு ஒவ்வொரு அறையாகப் போய், ஒவ்வொரு பலகையிலும் துண்டெடுத்து, மஞ்சள் வில்லை ஒட்டி, பட்டியலில் ஏற்ற வேண்டும். ஆய்வகத்தின் தாள் வரும்வரை எல்லாப் பலகையும் குற்றவாளிதான். அதற்குப் பிறகு ஆட்கள் மூச்சுக்கவசம் போட்டு, அறையைப் பிளாஸ்டிக்கால் மூடி, நனைத்து, முழுசாகக் கழற்றுவார்கள். வேலை முடிந்து மூன்று அறை தாண்டிக் குளித்துவிட்டுத்தான் வெளியே வரலாம். ஒரு திருகாணிகூடக் கணக்கில்லாமல் வாசலைத் தாண்டாது.

இதையெல்லாம் அண்ணனிடம் நான் சொன்னதே இல்லை. சொன்னது வேறொன்று.

வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், காகிதங்களை அடுக்குகிற வேலையில் இருந்தபோது, ஒரு கப்பலில் அதிகாரிகள் சாப்பிடும் அறையின் பலகைக் கூரையைப் பார்த்தேன். அன்றைக்கு அண்ணனோடு பேசும்போது, "பலகைனா அதுதாண்ணா பலகை. நெருப்புப் பிடிக்காது, எத்தன மழையில நனஞ்சாலும் ஊதாது" என்றேன். சார்லஸ் அண்ணன் பள்ளிக்கூட வாத்தியார். மேல் குன்னூர் வீட்டில் வருடா வருடம் ஆடி மழைக்குப் பிளைவுட் கூரை உப்பித் தொங்கும். அவருக்கு அந்த வார்த்தை மனதில் பதிந்துவிட்டது. அடுத்த வருடம் பயிற்சிக்குப் போனேன், அந்தப் பலகை என்னவென்று கற்றுக்கொண்டேன். ஆனால் ஊருக்குப் போன் செய்யும்போது அதைத் திருத்திச் சொல்லத் தோன்றவில்லை. சொன்னால், நீ என்ன வேலை பார்க்கிறாய், உனக்கு ஒன்றும் ஆகாதா என்று கேட்பார்கள். வெளிநாட்டில் இருக்கும் நாங்கள் எல்லோரும் இதைச் செய்கிறோம். நல்ல பாதியை ஊருக்கு அனுப்புகிறோம், மற்றப் பாதியை நாங்களே வைத்துக்கொள்கிறோம்.

ரூத் இரண்டு வாரம் தங்கப்போகிறாள் என்றதும் அண்ணன் மாடி அறையைச் சரிசெய்ய நினைத்தார். மேட்டுப்பாளையம் போன இடத்தில் பழைய சாமான் வியாபாரி ஒருவர் பலகைகளைக் காட்டி, "போர்க்கப்பல்ல இருந்து கழட்டுனதுங்க வாத்தியாரே" என்றிருக்கிறார். எந்தக் கப்பல், எந்த நாட்டுடையது, எத்தனை கை மாறி வந்தது என்பது யாருக்கும் தெரியாது. அண்ணனுக்குத் தங்கச்சி சொன்னது ஞாபகம் வந்தது. இருபது பலகையையும் மொத்தமாக ஏற்றி வந்துவிட்டார். நாங்கள் வந்து இறங்கியபோது அவை புதுத் தார்ப்பாயில் மூடப்பட்டு மாடி அறைச் சுவரில் சாய்ந்திருந்தன. ரூத்துக்கு அது திறக்காத பரிசு. எனக்கும் காட்டவில்லை. முடிந்த பிறகு காட்டலாம் என்று இருந்திருக்கிறார்கள். அந்த வாரம் முழுக்க நான் மனு எழுதிக்கொண்டு கீழேயே இருந்தேன்.

திங்கட்கிழமை காதர் பாய் வந்து கூரையை அடித்தார். கீழ்க் கடைவீதியில் தச்சுப் பட்டறை வைத்திருப்பவர், அப்பா காலத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு வருகிறவர். அளவு நாடாவின் மறு நுனியைப் பிடித்துக்கொண்டு ரூத் நாள் முழுக்க அவர் பக்கத்திலேயே இருந்தாளாம். அன்று நான் வக்கீல் ஒருவரைப் பார்க்கக் கோத்தகிரி போய் இருட்டிய பிறகு வந்தேன். அறையைப் பூட்டிச் சாவியை ஒளித்து வைத்திருந்தார்கள்.

3

ஷேர் டாக்ஸி கிடைக்காமல் பாதி வழி ஏறி ஓடினேன். தூறல். வீட்டு வாசலில் ரூத் ஈரத் துணியோடு நடுங்கிக்கொண்டு நின்றாள். துண்டோடு ஓடி வந்த அண்ணி ஸ்டெல்லாவை, தொடவேண்டாம் என்று தடுத்தேன். அண்ணியின் முகம் மாறியது.

அடுத்த இரண்டு மணி நேரம் நான் வேலையிடத்தில் இருப்பதுபோல இருந்தேன். ரூத்தை இன்னொரு முறை குளிக்க வைத்தேன். துணிகளை இரட்டைப் பையில் போட்டு இறுக்கிக் கட்டினேன். அண்ணன் கேத்தியிலிருந்து கேரட் வாங்கி வந்த பிளாஸ்டிக் சாக்குகளைப் பிரித்து அறைக் கதவின் இடுக்கை அடைத்தேன். முகத்தில் ஈரத் துணி கட்டிக்கொண்டு உள்ளே போய், தரையை நனைத்து, ஈரத் துணியால் துடைத்து, அந்தத் துணிகளையும் பையில் போட்டேன். ஈரத் துணி மூச்சுக்கவசம் ஆகாது என்று மற்றவர்களுக்கு வகுப்பெடுப்பவள் நான். தலைக்குமேல் பதிமூன்று பலகைகள் அழகாக, ஒரு இடைவெளி தெரியாமல் பதிந்திருந்தன. ஆணி அடித்த இடத்திலெல்லாம் தூள் உதிர்ந்திருந்தது. காதர் பாயின் வேலை அப்படித்தான், சுத்தமாக இருக்கும்.

பக்கத்து வீட்டுக்காரர்கள் குடை பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். அண்ணன் படியில் உட்கார்ந்திருந்தார். நான் கீழே இறங்கியதும் கேட்டார்.

"ஏன் ஷாந்தி, உம் புள்ளைக்கு நான் வெசத்தையா வாங்கியாந்து அடிச்சேன்?"

இல்லையண்ணா, உங்களுக்குத் தெரியாது என்றேன்.

"தெரியாதுதான். நீதான சொன்ன, நெருப்புப் பிடிக்காது, நனஞ்சா ஊதாதுன்னு. நீ சொல்லலீன்னா அந்தப் பலகையத் திரும்பியே பாத்திருக்க மாட்டேன்."

அண்ணி, "சோறு ஆறுது, ரெண்டு பேரும் வாங்க" என்றார். அதற்குப் பிறகு அண்ணன் மூன்று நாள் என்னோடு பேசவில்லை. சாப்பாட்டு மேசையில் ஜெபம் பண்ணும்போது மட்டும் என் பெயர் வந்தது.

4

அன்று சாயங்காலமே ஒரு சின்னத் துண்டை இரண்டு பைக்குள் போட்டுக் கோயம்புத்தூரில் உள்ள ஆய்வகம் ஒன்றுக்கு அனுப்பக் கூரியர் கடைக்குப் போனேன். பொருளின் பெயர் என்ற கட்டத்தில், "ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம் எனச் சந்தேகிக்கப்படும் பலகைத் துண்டு" என்று எழுதினேன். பதினொரு வருடப் பழக்கம். கடைக்காரர் இரண்டு முறை படித்துவிட்டுப் பொட்டலத்தை என் பக்கம் தள்ளினார். "பலகைன்னு மட்டும் எழுதிக் குடுத்திருந்தீங்கன்னா இந்நேரம் போயிருக்குமுங்க" என்றார். அவர் சொன்னது உண்மைதான். அந்த இருபது பலகையும் அப்படி எழுதித்தான் மேட்டுப்பாளையம் வரை வந்திருக்கும்.

புதன்கிழமை நானே பஸ்ஸில் கொண்டுபோய்க் கொடுத்தேன். ரூத்தையும் கூட்டிப்போய் நெஞ்சு மருத்துவர் ஒருவரிடம் காட்டினேன். அவர் நிதானமான மனிதர். இப்போது எக்ஸ்ரே எடுத்தால் ஒன்றும் தெரியாது, எடுக்கத் தேவையுமில்லை, ஒரு நாள் தூள் பட்டதால் வரும் ஆபத்து சிறியது, ஆனால் பூஜ்யம் என்று சொல்ல மாட்டேன், வருவதென்றால் இருபது முப்பது வருடம் கழித்துத்தான் தெரியும், கோப்பில் எழுதி வையுங்கள் என்றார். இதே வாக்கியங்களை நான் வேலையிடத்தில் அச்சடித்த தாளாகப் புது ஆட்களுக்குக் கொடுத்திருக்கிறேன். கையெழுத்தும் வாங்கியிருக்கிறேன். முப்பது வருடம் என்பது எவ்வளவு நீளம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. ரூத்துக்கு அப்போது நாற்பத்தாறு வயதாகும். என் இப்போதைய வயதுக்கு இரண்டு வயது குறைவு.

திரும்பும் வழியில் பஸ் ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவாக ஏறியது. ரூத் காதில் பாட்டுக் கருவியை மாட்டிக்கொண்டு ஜன்னலைப் பார்த்தபடியே வந்தாள். போன முறை ஊருக்கு வந்தபோதும் இப்படித்தான் இருந்தாள். இந்த முறை மாறியிருந்தாள், மாமா மாமா என்று சுற்றிக்கொண்டிருந்தாள். செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு மறுபடி பழைய ரூத். நான் எதைச் சொன்னாலும் "சரி", "பரவாயில்லை" என்று ஆங்கிலத்தில் இரண்டே சொல்.

வியாழக்கிழமை பலகைகளை என்ன செய்வது என்று விசாரிக்கத் தொடங்கினேன். குப்பை வண்டிக்காரர், கட்டி வைத்தால் எடுத்துப்போகிறேன் என்றார். எங்கே போடுவீர்கள் என்றதற்குப் பள்ளத்தாக்கின் பக்கம் கையைக் காட்டினார். ஓர் அலுவலகத்தில் அபாயக் கழிவுக்கான படிவம் கிடைத்தது. முதல் கட்டமே தொழிற்சாலையின் பெயர். வீடு என்றேன். வீட்டுக்குப் படிவம் இல்லை. ஏதாவது ஒரு தொழிற்சாலை பெயரில் எழுதிக் கொடுங்கள், தேயிலை பேக்டரி யாராவது தெரிந்தவர்கள் இருப்பார்களே என்று படிவம் கொடுத்த அம்மாள் நல்ல மனதோடுதான் சொன்னார். அனுமதி பெற்ற குழிக்கு அவை போய்ச் சேர்ந்தது இந்த வருடம் மார்ச் மாதத்தில்தான். அதுவரை மாடி அறை பூட்டியே இருந்தது. அண்ணன் விடாமல் எழுதிய கடிதங்களால்தான் அதுவாவது நடந்தது.

5

வெள்ளிக்கிழமை மாலை ஆய்வகத்திலிருந்து மின்னஞ்சல் வந்தது. பழுப்பு ஆஸ்பெஸ்டாஸ். நான் நினைத்ததுதான். ஆனாலும் தாளில் பார்ப்பது வேறு. சமையலறையில் நின்று சத்தமாகப் படித்தேன். அண்ணி அடுப்பை அணைத்தார். அண்ணன் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

ரூத் பாட்டுக் கருவியைக் காதிலிருந்து எடுத்தாள்.

"காதர் அங்கிள்கிட்ட சொல்லிட்டீங்களாம்மா?"

அண்ணன் கண்ணாடியை மறுபடி எடுத்து மாட்டினார்.

அவள் தமிழிலும் ஆங்கிலத்திலுமாகச் சொல்லிக்கொண்டே போனாள். நான் ஒரே ஒரு பலகையைப் பாதிதான் அறுத்தேன், அவர் அன்றைக்கு நாள் முழுக்க அறுத்தார், தலைக்கு மேலே ஆணி அடித்தபோது எல்லாம் அவர் முகத்தில்தான் விழுந்தது, மிச்சத்தையும் அவர்தான் கொண்டுபோனார் என்றாள்.

எங்கள் ஊரில் தச்சு வேலை முடிந்தால் மிஞ்சிய பலகை தச்சருக்கு. கேட்டுக் கொடுக்கிற வழக்கமில்லை. அவர் எடுத்துக்கொள்வார், வீட்டுக்காரர் பார்க்காததுபோல இருப்பார். அண்ணன் அன்றைக்கு ஒரு படி மேலே போய், ஆறு முழுப் பலகையையும் தானே தூக்கி வண்டியில் வைத்திருக்கிறார். நல்ல பலகை நல்ல மனுஷனுக்குப் போகட்டும் என்று. என் கப்பல் தளத்தில் ஒரு துண்டு குறைந்தால் வாசலை மூடிவிட்டுத் தேடுவோம். இருபது பலகையில் கூரையில் பதிமூன்று, ரூத் அறுத்தது ஒன்று என்று செவ்வாய்க்கிழமையே என் நோட்டில் எழுதியிருந்தேன். மீதி ஆறு எங்கே என்று நான் கேட்கவே இல்லை. மூன்று நாளாக என் பட்டியலில் ரூத் மட்டும்தான் இருந்தாள்.

காதர் பாயின் கைப்பேசி அணைந்திருந்தது. சனிக்கிழமை காலை பட்டறைக்குப் போனோம். பூட்டு. பக்கத்து டீக்கடைக்காரர், பாய் கோத்தகிரிப் பக்கம் ஒரு வீட்டுக்கு அலமாரி வேலைக்குப் போயிருக்கிறார், அங்கேயே தங்கல், சிக்னல் கிடைக்காத இடம் என்றார். எந்த வீடு என்று அவருக்குத் தெரியவில்லை. "வாத்தியார் நல்ல பலகை குடுத்திருக்காருன்னு சொல்லிட்டுத்தானுங்க போனாரு" என்றார்.

அண்ணன் அங்கேயே நின்று ஸ்வெட்டர் பொத்தானைப் போட்டார். மூன்று நாளுக்குப் பிறகு என்னிடம் பேசினார்.

"என்னென்ன சொல்லோணும்னு சொல்லு. எழுதிக்கறேன்."

அறுக்கக்கூடாது, பெருக்கக்கூடாது, நனைத்துப் பிளாஸ்டிக்கில் சுற்றிக் கட்ட வேண்டும், வேலை செய்த துணியைத் தனியாகப் பையில் போட்டுவிட்டுக் குளிக்க வேண்டும். அவர் அதைக் கரும்பலகை எழுத்தில் ஐந்தாறு தாளில் எழுதிக்கொண்டு கோத்தகிரி பஸ்ஸில் ஏறினார். மழையில் மர டிப்போ, ஆணிக்கடை, டீக்கடை, பள்ளிவாசல் என்று ஒவ்வொரு இடத்திலும் ஒரு தாளைக் கொடுத்துவிட்டு, காதர் பாயைப் பார்க்காமலேயே கடைசிப் பஸ்ஸில் திரும்பி வந்தார். காய்ச்சல் வந்துவிட்டது. ரூத் அவருக்குச் சுக்குக் காபி போட்டுக் கொடுத்தாள். என்னிடம் அவள் ஒன்றும் கேட்கவில்லை.

6

இங்கே இன்று நல்ல வெயில். புதிதாக ஒரு கப்பல் வந்திருக்கிறது. அதன் வரைபடமும் கறுப்பு மையோடு என் மேசையில் இருக்கிறது. போன மாதத்திலிருந்து என் படிவத்தில் ஒரு கட்டத்தைக் கூட்டியிருக்கிறேன். பலகையைத் தொட்டவர்கள் யார் யார், எல்லோருக்கும் சொல்லியாகிவிட்டதா, எந்த நாளில் என்று. மேலாளர் இது எதற்கு என்று கேட்டார். தேவை என்று மட்டும் சொன்னேன். ரூத் வீட்டில் இருக்கிறாள். ஞாயிறுதோறும் மாமாவோடு பேசுகிறாள், காதர் பாயின் மருத்துவர் சீட்டு என்ன சொல்கிறது என்று கேட்டு எழுதி வைக்கிறாள். பாய் பரிசோதனைக்குப் போய் வந்தார். கோத்தகிரி வீட்டுக்கும் சொல்லி, பாய் வேலை செய்த தாழ்வாரத்தை நனைத்துத் துடைக்க வைத்தார் அண்ணன். இப்போதைக்கு யாருக்கும் ஒன்றுமில்லை. இப்போதைக்கு என்பதைத் தாண்டி எழுத எனக்கு அனுமதி இல்லை.

போன வருடம் காதர் பாய் வந்தது அந்த ஞாயிற்றுக்கிழமை மாலை. நாங்கள் கோயிலுக்குப் போய்விட்டு வந்து சாப்பிட்டுப் படுத்து எழுந்திருந்தோம். மறுநாள் விமானம், பெட்டி கட்டிக்கொண்டிருந்தேன். வாசலில் ஒரு குட்டியானை வண்டி வந்து நின்றது. காதர் பாய் இறங்கினார். புதுச் சட்டை, ஈரத் தலை, கையில் அண்ணன் எழுதிக் கொடுத்த தாள்களில் ஒன்று. வண்டியின் பின்னால் எல்லாம் பிளாஸ்டிக்கில் சுற்றி, நாலு பக்கமும் கயிறு போட்டுக் கட்டியிருந்தது. பிளாஸ்டிக்கின் உள்பக்கம் நீர்த்துளிகள். துணிப்பை தனியாக. என் ஆட்கள்கூட அவ்வளவு சுத்தமாகக் கட்ட மாட்டார்கள்.

பழக்கம் விடவில்லை, எண்ணினேன். இரண்டு முழுசு. மீதி நான்கும் அலமாரித் தட்டுகளாக அறுக்கப்பட்டிருந்தன.

உள்ளே வாருங்கள் என்று அண்ணன் காய்ச்சலோடு எழுந்து வந்து கூப்பிட்டார். பாய் படியேறவில்லை. கேட்டுக்கு வெளியிலேயே நின்றார்.

"பாப்பா நல்லாருக்குதுங்களா?" என்று முதலில் கேட்டார். ரூத் என் பின்னால் வந்து நின்றாள். அவளைப் பார்த்துத் தலையசைத்தார்.

நான் ஆய்வகத்தின் தாளை எடுத்து வந்து, செவ்வாய்க்கிழமை எனக்கு எப்படித் தெரிந்தது, என்ன இருக்கிறது, என்ன செய்ய வேண்டும், எந்த மருத்துவரிடம் போக வேண்டும் எல்லாம் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டார். எங்கே வைத்து அறுத்தீர்கள் என்று கேட்டேன். மழை என்பதால் தாழ்வாரத்தில், நாலு பக்கமும் படுதா கட்டிக்கொண்டு; ராத்திரி படுத்ததும் அங்கேதான் என்றார். எத்தனை நாள் என்று கேட்டேன்.

அவர் விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். அப்புறம் சொன்னார்.

"புதன்கெழம காலைலதானுங்க அம்மிணி அறுக்கவே ஆரம்பிச்சேன். செவ்வாக்கெழமையே ஒரு வார்த்த சொல்லி அனுப்பியிருக்கலாமுங்க."